டிஸ்னி சொன்ன மாதவிடாயின் கதை

மிக்கி எலியை உலகுக்குத் தந்த வால்ட் டிஸ்னி நிறுவனம் மாதவிடாய் பற்றியும் ஒரு சித்திரப்படம் எடுத்தது என்ற செய்தி நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். 1946-ல் வந்த அப்படத்தின் பெயரே 'மாதவிடாயின் கதை' என்பதுதான். ஓடும் நேரம் சுமார் 10 நிமிடம். கோட்டெக்ஸ் என்ற நாப்கினை விற்றுவந்த கம்பெனி இதற்குப் பொருளுதவி செய்தது. அமெரிக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் மாணவிகளுக்கு இதைத் திரையிட்டார்கள். 2015-ல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது இடம் பெற்றது. முதல் மாதவிடாயை எதிர்நோக்கியிருக்கும் ஒரு சிறுமிக்கு இப்படம் எவ்வளவு தூரம் உதவும்? அந்த நோக்கில் இதனை ஆராய்வோம்.

முதலில் நிறைகள். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவற்றின் தூண்டுதலால் சினைப்பையில் முட்டை முதிர்கிறது. கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. கரு உண்டாகாவிட்டால் அச்சுவர்ப் படலம் கழிந்து வெளியேறுகிறது. பாடநூலில் அசையாமல் நிற்கும் படம் இங்கே அசைகிறது. எதன் பின் எது நிகழ்கிறது என்பது பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். இதுவே சித்திரப்படத்தின் தனிப் பலம்.

அந்நாட்களில் குளிக்கக் கூடாது என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் இருந்தது. படம் அதை மறுக்கிறது. மிகுந்த சூடும் மிகுந்த குளிர்ச்சியும் இல்லாத நீரில் குளிக்கலாம், அளவாக உடற்பயிற்சி செய்யலாம் என்கிறது. மாதவிடாய் நாள் தவறி வந்தாலும் கலங்க வேண்டாம் என்றும் சொல்கிறது. கதைக்குள் விளம்பரம் நுழையவில்லை; உடன் வழங்கிய சிறு நூல் அந்த வேலையைச் செய்தது.

இனி முக்கியமான குறை. இது வண்ணப்படம். சிறுமியின் கூந்தலுக்கும் உடைக்கும் வண்ணம் தீட்டியவர்கள், கருப்பையிலிருந்து வெளியேறுவதை மட்டும் வெள்ளையாகக் காட்டிவிட்டார்கள்!

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, 'என்ன பார்த்தாய்? என்ன நிறம்? எவ்வளவு?' என்பதுதான். விளக்கமெல்லாம் பிறகு. மாதவிடாயில் ஒரு சிறுமி முதன்முதலாகக் காண்பது பிட்யூட்டரியை அன்று. உள்ளாடையில் படிந்த கறையைத்தான். அது சிவப்பாக இருக்கலாம். இரத்தம் மெல்ல மெல்ல வெளிவந்தால், ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிகரணம் அடைந்து பழுப்பாகவும் இருக்கலாம். திரையில் வெள்ளையைப் பார்த்தவள் இந்தப் பழுப்புக் கறையைக் கண்டு, 'படத்தில் சொன்னது இதுதான்' என்று எப்படித் தெளிவாள்? நோயோ, காயமோ என்று அஞ்ச இடமுண்டு. அச்சத்தைப் போக்க எடுத்த படம், அச்சம் பிறக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது.

அளவும் இப்படியே தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று. உடலிலுள்ள இரத்தமெல்லாம் போய்விடுமோ என்று பயப்படும் குழந்தைகள் உண்டு. ஒரு மாதவிடாயில் பொதுவாக வெளியேறும் இரத்தம் 30 முதல் 40 மில்லி லிட்டர்தான். அதாவது இரண்டு, மூன்று மேசைக்கரண்டி. 80 மில்லி லிட்டருக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகளில் பல மாதங்கள் முட்டை வெளிவராமலே மாதவிடாய் வருவதுண்டு. ஆகவே இடைவெளி 21 நாளாகவும் இருக்கலாம், 45 நாளாகவும் இருக்கலாம். இந்த எண்கள் தெரிந்தால் பாதிக் கவலை தீரும்.

இன்னொரு குறை, வலியைப் பற்றியது. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கருப்பைத் தசையை இறுகச் செய்வதால் வலி உண்டாகிறது என்பது பிற்காலத்தில் தெளிவான உண்மை. 1946-ல் வந்த படம் அதைச் சொல்லவில்லை என்று குறை கூறுவது நியாயமன்று. ஆனால் கண்ணாடி முன் அழும் பெண்ணிடம், நிமிர்ந்து நில், புன்னகை செய் என்று உபதேசிப்பது பொருந்தாது. வலி தசையில் இருக்கும்போது மருந்தைப் புன்னகையில் தேடச் சொல்லலாமா? கரு உண்டாவதைப் பற்றிப் பேசும் படம், அது எவ்வாறு உண்டாகிறது என்பதையும் சொல்லாமல் தாண்டிச் செல்கிறது.

ஆயினும் இது ஒதுக்கத்தக்க படம் அன்று. பெரியவர்கள் காதோடு காதாகக் கூடச் சொல்லத் தயங்கிய ஒன்றை, எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பறைத் திரையில் நிதானமான குரலில் சொன்னது சிறிய காரியமா? ஆசிரியர்கள் இதைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் படத்தை ஓட்டுவதற்கு முன், அது வெள்ளையாக இராது, சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், அளவு இரண்டு மூன்று கரண்டிதான் என்ற இரண்டு செய்திகளையும் சொல்லிவிட வேண்டும். நம் பாடநூலின் கருப்பைப் படத்தை நடத்தும்போதும் இவற்றைச் சேர்த்துச் சொல்வது நல்லது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.