பெட்டிக்குள் அடங்காத ஊர்

விமர்சனம் என்றால் சினிமாவுக்கும் நாவலுக்கும் மட்டும்தானா? இந்த வாரம் ஒரு பெட்டியை விமர்சிக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இருக்கும். டிவிக்குப் பக்கத்தில், ரெண்டு கொம்போடு, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். வைஃபை ரூட்டர்.

இந்தக் கோபத்துக்குக் காரணம் என் சித்தப்பா.

ரிஷிவந்தியத்தில் இருக்கிறார். 2019ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். 2011ல் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி என்றால் அரசியல் பேசுகிறவர்களுக்கும், அர்த்தநாரீஸ்வரர் கோயில் தேனபிஷேகம் என்றால் பக்தர்களுக்கும் ஞாபகம் வரும். சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நன்னூல் சூத்திரத்தை எண்ணோடு சொல்லக்கூடியவர்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வாசலிலேயே சித்தி பிடித்துக்கொண்டார்.

"வாப்பா. மூணு வாரமாச்சு, சிங்கப்பூர்ல இருக்கிற பேரன் மூஞ்சியப் பாத்து. செல்லுல சிக்னல் மாடிக்குப் போனாத்தான் கிடைக்குது. என் முட்டிக்கு ஆவுமா அது?"

"வைஃபை என்னாச்சு சித்தி?"

"அவரையே கேளு."

சித்தப்பா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "பாஸ்வேர்டு தப்புன்னு வருதுப்பா. நாலு வருஷமா ஒரே பாஸ்வேர்டு. நானே வச்சது. நேத்துகூட பத்து தடவை போட்டுப் பாத்தேன். தப்பு, தப்புன்னே சொல்லுது." குரல் இறங்கியது. "எனக்குத்தான் மறந்துபோச்சு போல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

வாசகர்களே, இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நன்னூல் முழுக்க ஞாபகம் வைத்திருக்கும் மனுஷனை, ஒற்றை வரி எழுதிக் காட்டி, தன் மூளையையே சந்தேகப்பட வைத்துவிட்டது ஒரு பெட்டி.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் இடி இடித்துப் பழைய பெட்டி எரிந்துபோயிருக்கிறது. கம்பெனிப் பையன் வந்து புதுசு மாட்டினான். "பழைய பேரையே வச்சுட்டேன் சார்" என்றான். போய்விட்டான். பேர்தான் பழசு, பாஸ்வேர்டு புதுப் பெட்டியின் முதுகில் அச்சடித்தது. அந்த முதுகைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியும் விட்டான். செல்போன் பேரைப் பார்த்தது. பழைய வீடுதான் என்று நம்பி பழைய சாவியைப் போட்டது. திறக்கவில்லை. சித்தப்பாவும் அதே பழைய சாவியைப் பிழையில்லாமல் பத்து தடவை போட்டிருக்கிறார்.

சித்தப்பாவின் ஞாபகம் சரி. பூட்டுதான் மாறிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. 'பாஸ்வேர்டு தப்பு' என்பது பல சமயம் செல்போனின் யூகம்தான். இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 முறையில் உங்கள் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு கணக்குப் போடும். விடை ஒத்துப்போகவில்லை என்றால் பெட்டி காரணம் சொல்லாது, மௌனம் சாதிக்கும். காத்திருந்து அலுத்துப்போன செல்போன், 'தப்பாத்தான் போட்டிருப்பார்' என்று தீர்ப்பு எழுதும். சிக்னல் தேய்ந்துபோய் பேச்சு பாதியில் அறுந்தாலும் சில செல்போன்கள் இதே தீர்ப்பைத்தான் எழுதும். 'இணைய முடியவில்லை, பூட்டு மாறியிருக்கலாம், கிட்டே வந்தும் பாருங்கள்' என்று எழுத எத்தனை செலவாகும்? பழியை மனுஷன் மேல் போடுவது சுலபம், அவ்வளவுதான்.

ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்து பெட்டியைக் கழற்றினோம். முதுகில் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. அது பூஜ்யமா ஆங்கில 'ஓ'வா, ஒன்றா சின்ன 'எல்'லா? பூதக்கண்ணாடி வைத்தும் இரண்டாவது முயற்சியில்தான் உள்ளே போக முடிந்தது. அங்கே இரண்டு பாஸ்வேர்டு அச்சடித்திருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று வைஃபைக்கு, இன்னொன்று பெட்டியின் செட்டிங்ஸுக்கு. முதலாவது வாசல் சாவி, இரண்டாவது பீரோ சாவி.

பீரோவைத் திறந்து, சித்தப்பா சொல்லச் சொல்ல, பழைய பாஸ்வேர்டையே புதுப் பெட்டிக்கும் வைத்தேன். பேரும் சாவியும் ஒன்றாகிவிட்டால் வீட்டில் உள்ள செல்போன், டிவி எல்லாம் யாரும் தொடாமலே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெட்டி மாற்றினால் இதைச் செய்யச் சொல்லுங்கள். மற்றபடி, 'மறந்துவிடு' என்று செல்போனுக்குச் சொல்லிப் புதுசாக அடிக்கலாம். அடிக்கும்போது முதல் எழுத்தைச் செல்போன் தானாகப் பெரிய எழுத்தாக்குகிறதா, கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீரும்.

'தப்பு' என்று நம்மைத் திட்டுகிற இந்தப் பூட்டுக்காரர்கள் எவ்வளவு சரியாக இருந்தார்கள் என்றும் பார்ப்போம். 1997ல் வந்த முதல் வைஃபை பூட்டின் பேர் டபிள்யூஈபி. பலர் வீட்டில் 26 எழுத்தையும் எண்ணையும் கலந்து அடிக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் அதையும் பொறுமையாக அடித்தார்கள். 2001ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று பேர், அந்தப் பூட்டே ஓட்டை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் 'பாஸ்வேர்டே வேண்டாம், எட்டு இலக்க எண் போதும்' என்று டபிள்யூபிஎஸ் வந்தது. அந்த எட்டை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்த்ததால், கோடிக்கணக்கில் முயல வேண்டிய திருடன் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் அம்பலமானது. பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்கச் சொல்லி 2003ல் அமெரிக்க அரசுக்கு வழிகாட்டி எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017ல் சொன்னார். குறிகளைவிட நீளம்தான் பலம் என்பது இப்போதைய அறிவு. தொடர்பில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தாலே போதும்.

அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2008 ஜூலை 26, அகமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தடம் பிடித்துப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். மனுஷன் விசாரணையில் மாட்டிக்கொண்டு அலைந்தார். 2009ல் தொலைத்தொடர்புத் துறையே வைஃபையைப் பத்திரமாக வைக்க விதிமுறை போட வேண்டியதாயிற்று. ஆக, பூட்டு அவசியம். பூட்டு பேசும் பாஷைதான் தகராறு.

பாஷை என்றதும் சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாஸ்வேர்டைத் தமிழ்ல வைக்கலாமா?"

முடியாது. டபிள்யூபிஏ2 விதிப்படி 8லிருந்து 63 வரை, எல்லாம் ஆங்கில விசைப்பலகையில் உள்ள எழுத்தும் எண்ணும் குறிகளும்தான். ரகசியம் தமிழில் இருக்கலாம், எழுத்து ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும்.

"சரி, பேரையாவது நம்ம ஊர் பேரா தமிழ்ல வையேன்."

பேருக்கு அந்தத் தடை இல்லையே என்று 'ரிஷிவந்தியம்' என அடித்தேன். ஏற்கவில்லை. ஏன் என்று கணக்குப் பார்த்தேன். வைஃபை பேருக்கு 32 பைட்டுதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு, யூனிகோடு வழக்கப்படி, எழுத்துக்கு மூன்று. கொம்பு, புள்ளி, சுழிகளுக்கும் தனித்தனியாக மூன்று. 'ரி' என்பதே ஆறு. 'ரிஷிவந்தியம்' 36 ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் 13தான். மதுரை உள்ளே போகும், சென்னை போகும். ரிஷிவந்தியம் போகாது. கள்ளக்குறிச்சி 42, அதுவும் போகாது.

"மாவட்டத் தலைநகருக்கே இடமில்லையா?" என்று சிரித்தார் சித்தப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் ரிஷிவந்தியத்தை வெறுத்து இந்த விதியைப் போடவில்லை. விதி போட்ட மேஜையில் அந்தப் பேரை உச்சரிக்கக்கூடிய ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். முதுகில் பொடி எழுத்தை அச்சடித்தவனுக்கும் எழுபது வயசுக் கண் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. ஒவ்வொன்றும் சின்னக் கவனக்குறைவு. எல்லாம் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு மூணு வாரம் பேரன் இல்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியின் முதுகை இன்றைக்கே செல்போனில் படம் பிடித்து வையுங்கள். வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். திருடன் பீரோ வரைக்கும் வந்துவிட்டால் அவன் கவலை வைஃபை அல்ல.

ஆறு மணிக்கு சிங்கப்பூர் வந்தது. பேரன் முதல் கேள்வியே, "தாத்தாவுக்கு என்ன ஆச்சு?"

சித்தி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சொன்னார்:

"தாத்தாவுக்கு ஒண்ணுமில்லடா கண்ணு. பெட்டிக்குத்தான் மறந்துபோச்சு."