நாவடக்கமும் மௌனமும்: மன்னார்ச் சாட்சியம் ஒன்றினை முன்வைத்துச் சில குறிப்புகள்

நாவடக்கத்தைத் தொண்டாகக் கொள்வது கிறித்தவ அறமரபு. ஆயின் நடைமுறையில் இவ்வறம் பெரும்பாலும் எளியோருக்கே போதிக்கப்பட்டு வந்துள்ளது. அதிகாரத்தின் முன் வாய்திறவாதிருத்தலே அடக்கம் என்னும் கருத்து அவ்வாறு வேரூன்றியதெனலாம். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை மன்னாரில் அளிக்கப்பட்ட சாட்சியம் ஒன்றின் துணைகொண்டு நோக்குவோம்.

யாக்கோபு திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் நாவினைப் பற்றிக் கூறுமிடத்துக் குதிரையின் கடிவாளத்தையும் கப்பலின் சுக்கானையும் எடுத்துக்காட்டுகின்றது. இவ்வுவமைகள் ஊன்றி நோக்கற்பாலன. கடிவாளமிட்ட குதிரை ஓடவே செய்கின்றது. சுக்கானுடைய கப்பலும் கடலிலேயே செல்கின்றது. எனவே அடக்கமென்பது பேச்சினை நெறிப்படுத்துதல் என்றே கொள்ளத்தக்கது.

2011 ஜனவரி 8 ஆம் திகதி, மன்னாரில் அமர்வு நடத்திய கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, குருமாருடன் இணைந்து எழுத்துமூலச் சாட்சியம் அளித்தார். முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி 2008 ஒக்டோபர் முற்பகுதியில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் 2009 ஜூலை 10 ஆம் திகதிய தரவின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கும் என்ன நேர்ந்தது என்பது தெளிவுபடுத்தப்படல் வேண்டும் என அச்சாட்சியம் கோரிற்று.

இங்கு தரப்பட்ட இரு எண்களும் ஆயர் தாமே கணித்தவை அல்ல. அவற்றுள் ஒன்று அரசினுடையதே. அதனை மறுக்க விரும்பும் அரசு தன் கச்சேரிக் கணக்கையே மறுத்தல் வேண்டும். எஞ்சியோர் அனைவரும் கொல்லப்பட்டனர் என்று அக்கணக்கின்மேல் தீர்ப்புரைக்காது, வினாவினை மாத்திரம் எழுப்பியமையே அதன் வலிமை. அறிந்ததற்கு மேற்படவும் கூறவில்லை. அறிந்ததை அஞ்சி மறைக்கவும் இல்லை. எனினும் 2012 இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரிடம் விசாரணை நடத்தினர். அளந்து பேசுவோருக்கும் ஆபத்து நேருமென்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் சில வரையறைகளையும் சுட்டுதல் திறனாய்வின் கடமையாகும். இரு வேறு நிறுவனங்கள் இரு வேறு காலங்களில் எடுத்த கணக்குகளின் வேறுபாடு இறந்தோர் பட்டியல் ஆகாது. பதியப்படாது வெளியேறியோரும் அதனுள் அடங்கியிருத்தல் கூடும். ஆயரின் வினா இதற்கு இடமளிக்கின்றது. பின்னர் மேடைகளில் அவ்வெண் கொல்லப்பட்டோர் தொகையாகவே முழங்கப்பட்டபோது வினா தீர்ப்பாக மாறிற்று. இம்மாற்றம் நீதிகோரும் தரப்புக்கு நன்மை செய்யவில்லை. மறுக்க விழைவோருக்கே அது வாய்ப்பளித்தது. மேலும், எண்ணுக்குப் பெயரில்லை. புகைப்படங்களை ஏந்தி நிற்கும் தாய்மாரின் சொல்லே அதற்குப் பெயர் தரவல்லது.

இவ்வளவுகோல் நமக்கும் உரியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களைப் பற்றிப் பேசுகையிலும் அதே துல்லியத்தைக் கைக்கொள்ளுதல் வேண்டும். நமக்கு உவப்பற்ற உண்மைகளின்போது மௌனத்தையே அடக்கமென்று கொள்வோமாயின், பிறரிடம் விளக்கம் கோரும் தகுதியை இழப்போம்.

இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி மறைந்தார். அவர் கேட்ட வினாவிற்கு நிறைவான விடை இன்றுவரை கிடைக்கவில்லை. அதனைப் பெருக்காமலும் குறைக்காமலும் மீண்டும் கேட்பதே நாவினாற் செய்யத்தக்க தொண்டாகும்.