தந்தைக்கும் தனயனுக்கும் ஒரே சோதனை

பிள்ளைகள் பார்க்கும் படந்தானே என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஜார்ஜ் லூகாஸ் படைத்த ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரிலிருந்து விண்கலங்களையும் ஒளிவாள்களையும் நீக்கிவிட்டால், எஞ்சி நிற்பது ஒரு தகப்பன், ஒரு மகன் ஆகிய இருவரின் சோதனை வரலாறே.

தனயன் லூக்கின் கதை 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. தந்தை அனகினின் கதை 1999, 2002, 2005இல் பின்வந்தது. எனவே மகனுடைய சோதனைகளை அளவுகோலாகக் கொண்டே தந்தையின் சோதனைகள் வகுக்கப்பட்டன என்பது வெளிப்படை. இருவரும் டாட்டுயீன் என்னும் பாலை நிலத்தில் வளர்கின்றனர். அன்புக்குரியோர் துன்புறுவதை இருவரும் மனக்கண்ணில் காண்கின்றனர். இட்ட பணியைத் துறந்து ஓடுகின்றனர். வலக்கையை இழந்து இயந்திரக் கை பெறுகின்றனர். நம் காஞ்சி வட்டாரத் தறியில் ஒரே அட்டையைப் பூட்டி இருவேறு நிறப்பட்டில் நெய்தாற்போன்ற அமைப்பு இது.

இவற்றுள் தலையாயது இறுதிச் சோதனை. கைகளிரண்டும் துண்டிக்கப்பட்டு மண்டியிட்டிருக்கும் டூக்குவைக் கொல்லுமாறு பால்படீன் தூண்டுகிறான், அனகின் கொன்றுவிடுகிறான். அதே பால்படீன் சக்கரவர்த்தியாக வீற்றிருக்க, கையிழந்து வீழ்ந்து கிடக்கும் தந்தையின் முன் லூக் நிற்கிறான். தந்தையின் இயந்திரக் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்க்கிறான், வாளை வீசியெறிகிறான்.

மகன் தேறியது வளர்ப்பின் சிறப்பால் என்பர் சிலர். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கோ வேறொன்று உறுத்துகிறது. சிறுவன் அனகினை அழைத்துச் சென்ற ஆசான்கள் அவன் தாயை அடிமைத் தளையிலேயே விட்டுச் சென்றனர். பின்னாளில் தன் கனவுகளுக்கு அஞ்சி யோடாவிடம் வந்தவனுக்குக் கிடைத்ததெல்லாம் பற்றை விடு என்னும் போதனையே. தந்தையைக் கொல்ல இயலாது என்று லூக் கூறும்போதும் ஓபி-வான் மனமிரங்குவதில்லை. ஆசான்களுக்கும் பகைவனுக்கும் ஒருசேரப் பணிய மறுத்தமையாலன்றோ அவன் தேறினான்!

வழிதவறிய தந்தையிடம் பரிவோடு பேசும் மகன் நமக்குப் புதியவனல்லன். குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் நபி இபுராஹீம் (அலை) அவர்கள் தம் தந்தையை நான்கு முறை ‘என் தந்தையே’ என விளிக்கின்றார்கள்; கல்லெறிவேன் என்ற மிரட்டலுக்கும் ஸலாமே மறுமொழி. கம்பனின் இந்திரசித்தும் சீதையை விட்டுவிடுமாறு தந்தையிடம் வேண்டுகிறான். அவ்விரு தந்தையரும் செவிசாய்த்தாரில்லை. லூகாஸ் காட்டும் தந்தையோ திரும்பிவிடுகிறான். மகனைக் காக்கச் சக்கரவர்த்தியைத் தூக்கியெறிந்து தானும் மாய்கிறான்.

இம்முடிவில் எனக்கு மனநிறைவு பாதிதான். கடைசி மூச்சுக்கு முன் மனம் திரும்பியவனுக்கு வாயில் திறந்திருக்கலாம். ஆயின் கோயிலில் அவன் வெட்டி வீழ்த்திய இளஞ்சிறார்க்குரிய ஹக்கு என்னாவது? கதை அதனைக் கேட்கவேயில்லை. அவனை ஆசான்களோடு ஒளியுருவில் நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்கு 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் அங்கு நின்ற முதியவரை அகற்றி, இளமை முகத்தைப் பொருத்திவிட்டனர். முகமூடி கழற்றி மகன் கண்டதோ வடுக்கள் நிறைந்த கிழமுகம். இளமை முகத்தை அவன் கண்டதேயில்லை.