ஆத்திசூடிகளில் பெண்குழந்தை: முன்னிலையும் படர்க்கையும்

மழலையர்க்கு எழுத்தையும் அறத்தையும் ஒருங்கே புகட்டும் ஔவையாரின் ஆத்திசூடி, ‘தை’ என்னும் எழுத்துக்குரிய அடியில் பெண்ணின் சொல்லைக் கேளாதே என விதிக்கிறது. உயிர்வருக்க அடிகளோடு நின்றுவிடும் பாடநூல்களில் அவ்வடி இடம்பெறுவதில்லை. விடுபட்டமையாலேயே சமத்துவம் வாய்த்ததாகக் கொள்வதற்கில்லை.

பாரதியின் புதிய ஆத்திசூடி அதே எழுத்தில் பெண்ணை உயர்த்துமாறு ஏவுகிறது. இம்மறுதலை போற்றத்தக்கதே. ஆயினும் ஈரடிகளிலும் ஏவல் பெறுபவன் ஆண், பெண்ணோ படர்க்கை. தமிழ் ஏவல்வினைக்குப் பால்வேறுபாடு இல்லை என்பர். வடிவத்தில் அது மெய், பொருளில் அன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமி தன்னைப் பற்றிய பேச்சையே கேட்கிறாள்; அவளை நோக்கிய பேச்சு அங்கில்லை.

பாப்பாப் பாட்டில் நிலை வேறு. சாதியை மறுக்குமிடத்தில் பாரதி பெண்பால் விளியாலேயே குழந்தையை அழைக்கிறார். சமத்துவத்தை அங்கு நேரடியாகக் கேட்பவள் சிறுமி.