மேடைக்குக் கீழிருந்து எழுதப்படும் அரசியல்

ஒரு தலைவரைப் பற்றி எழுத வரும் நாவலாசிரியருக்கு நிற்பதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தலைவரின் அறை. மற்றொன்று மேடைக்குக் கீழே சனங்கள் உட்கார்ந்திருக்கும் தரை. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பென் வாரன் முதல் இடத்தில் நின்றார். லூயிசியானாவின் ஆளுநராக இருந்து, பின்பு செனட்டரானபோது 1935இல் சுடப்பட்டு இறந்த ஹியூயி லாங்கின் சாயலில் 1946இல் அவர் எழுதிய 'ஆல் தி கிங்ஸ் மென்' நாவலில், தலைவருக்கு வேலை பார்க்கும் ஒருவனே கதையைச் சொல்கிறான். நம் எழுத்தாளர் இமையம் நின்றது இரண்டாவது இடத்தில். 2020இல் வெளிவந்த 'வாழ்க வாழ்க' குறுநாவலில் தலைவி தூரத்தில் இருக்கிறார். கதை முழுக்க அவருக்காகக் காத்திருப்பவர்களுடையது. இமையத்தின் கடலூர் மாவட்டமும் விழுப்புரமும் திண்டிவனமும் 1993வரை தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டம்தான். அந்த மண்ணின் அரசியலைப் புரிந்துகொள்ள இமையத்தின் பார்வை மிகவும் பயன்படுகிறது. ஆனால் அந்த மண்ணின் வரலாற்றில் பாதிதான் அதற்குள் அடங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் அதன் பலம். ஊரிலிருந்து பணம் பேசி வண்டியில் ஏற்றி வரப்பட்ட பெண்கள், ஹெலிகாப்டரில் வரப்போகும் தலைவிக்காக மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கிறார்கள். தலைவியின் குணத்தை எழுத இமையத்துக்கு அவருடைய பேச்சோ அந்தரங்கமோ தேவைப்படவில்லை. தன்னைப் பார்க்க வந்தவர்களை எந்த நிலையில் காத்திருக்க வைக்கிறார் என்பதே அவரை அளந்து காட்டிவிடுகிறது. இது மிகை என்று தள்ளிவிட முடியாது. 2016 ஏப்ரலில் விருத்தாசலத்தில் ஜெயலலிதா கலந்துகொண்ட தேர்தல் கூட்டத்தில் வெயில் தாங்காமல் இருவர் இறந்தார்கள். குறுநாவலின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட முக்கியமானது. ஒரே கொடி, ஒரே கூலி, ஒரே வெயில் என்றான பிறகும் நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்வி எழும்போது ஊரும் காலனியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. கட்சி ஆட்களைத்தான் திரட்டியிருக்கிறது, அவர்களை ஒன்றாக்கவில்லை என்பதை எந்தத் தேர்தல் ஆய்வையும்விடத் தெளிவாக இது சொல்லிவிடுகிறது.

இதே முறையை இமையம் ஊருக்குள்ளும் கையாண்டிருக்கிறார். 2012இல் வந்த 'பெத்தவன்' கதையில், தலித் இளைஞனைக் காதலித்த மகளைக் கொன்றுவிடும்படி ஊர்ப் பஞ்சாயத்து தகப்பனுக்குக் கட்டளையிடுகிறது. அவர் மகளைத் தப்பிக்க வைத்துவிட்டுத் தன் உயிரை விடுகிறார். அதே ஆண்டு நவம்பரில் தர்மபுரி மாவட்டத்தில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது இந்தக் கதையைத் தீர்க்கதரிசனம் என்றார்கள். தீர்க்கதரிசனத்துக்கு அங்கே தேவையே இருக்கவில்லை. ஒரு ஊரில் கட்டளையிடும் அதிகாரம் எங்கே இருக்கிறது, அதற்குப் பணிய மறுப்பவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதைக் கூர்ந்து பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும் உண்மை அது. கூட்டத்துக்கு நடுவில் தனி ஒருவனின் குணம் என்னவாகிறது என்பதை இந்தக் கதை அளவுக்கு நேராகக் கேட்ட படைப்புகள் தமிழில் குறைவு.

குறை 'வாழ்க வாழ்க' காட்டும் கூட்டத்தில் இருக்கிறது. அது காசுக்கு வந்த கூட்டம். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் அரசியலை உருவாக்கிய கூட்டங்கள் அப்படி வந்தவை அல்ல. 1987 செப்டம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒருவாரச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனி ஒதுக்கீடு கிடைத்ததற்குப் பின்னால் அந்த மறியல் இருக்கிறது. உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களைக் கூலிக் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்காகக் காசு வாங்காத கூட்டமெல்லாம் உயர்ந்தது என்றும் ஆகிவிடாது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றவர்களும் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில் விஜய் கட்சியின் முதல் மாநாட்டுக்குத் திரண்ட இளைஞர்களின் ஆர்வத்தையும் வண்டிச் சத்தமும் சாப்பாட்டுப் பொட்டலமும் விளக்கிவிடாது. நம்பிக்கை, சாதிப் பெருமை, ஏக்கம், கோபம் இவைதான் இந்தக் கூட்டங்களை இழுத்து வந்தன. கூட்டத்தைக் கூலியாக மட்டும் பார்க்கும் எழுத்து, சனங்களின் பட்டினியைச் சரியாகவே பார்க்கிறது; அவர்களின் விருப்பத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறது.

இதற்குச் சில மறுப்புகள் எழும். குறுநாவல் வரலாற்று நூல் அல்ல, ஒரு நாளின் ஒரு கூட்டத்தைச் சொன்னால் போதும் என்பது முதல் மறுப்பு. அது நியாயமே. ஆனால் அந்தக் கூட்டத்தைத் தமிழக அரசியல் முழுவதற்கும் படிமமாக வாசிப்பவர்கள் நாம்தான். எனவே அந்தப் படிமம் எவ்வளவு தாங்கும் என்று கேட்கும் பொறுப்பும் நமக்கு உண்டு. இமையம் தி.மு.க.காரர், ஆகவே இது எதிர்க்கட்சி விமர்சனம் என்பது இரண்டாவது. நாற்காலிச் சண்டையைப் படிப்பவர் எந்தக் கட்சிக் கொடியையும் அந்தப் பந்தலில் கட்டிப் பார்க்கலாம், காட்சி மாறாது. ஆசிரியரின் கட்சி அட்டையைவிட அவருடைய கண் நேர்மையானது. மூன்றாவது மறுப்புதான் கனமானது: தலைவர்மீது சனங்கள் வைக்கும் பற்றை உள்ளிருந்து எழுதினால் விமர்சனம் மழுங்கிவிடாதா? வாரனின் நாவல் இதற்குப் பதில் சொல்கிறது. அவருடைய தலைவன் வில்லி ஸ்டார்க் மிரட்டுகிறான், லஞ்சத்தை ஆயுதமாக்குகிறான். ஏழைகளுக்கு மருத்துவமனையும் கட்ட நினைக்கிறான். அவனை ஏன் நேசித்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவன்மீது நமக்கு அச்சம் கூடுகிறது. வாரனிடமும் குறை உண்டு. அவருடைய நாவலில் சனங்கள் பெரும்பாலும் முழக்கமிடும் திரள்; அவர்களுடைய தாகமும் கால்வலியும் இமையத்திடம்தான் கிடைக்கின்றன.

தலைமையைக் கீழிருந்து மட்டும் பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எல்லாத் தலைவர்களும் இப்படித்தான் என்ற முடிவோடு வாசகர் புத்தகத்தை மூடிவிடலாம். மோசமான தலைவருக்கு அதைவிட வசதியான முடிவு வேறில்லை. ஆனால் எல்லாரும் அப்படியல்லர்: திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். கோயில் நுழைவுக்கும் தேவதாசி முறை ஒழிப்புக்கும் சட்டங்கள் வந்தது அவருடைய காலத்தில். சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தபோது பதவியை விட்டு விலகி வடலூருக்குப் போனார். மறுக்கத் தெரிந்த தகப்பனை எழுத முடிந்த இமையத்தின் பேனாவுக்கு, மறுக்கத் தெரிந்த தலைவரும் எட்டாதவர் அல்லர். காத்திருப்பவர்களின் வேதனையை நம் நாவல் கற்றுக்கொண்டுவிட்டது. அவர்கள் ஏன் விரும்பி வருகிறார்கள், எப்படிப்பட்டவருக்காக வரத் தகும் என்ற இரண்டு கேள்விகளையும் அதே நேர்மையோடு எழுதும்போதுதான் அந்த விமர்சனம் முழுமை பெறும்.