காலியாக இருக்க வேண்டிய ஏரி

மேன்ஹாட்டன் என்றதும் நியூயார்க் ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. நான் சொல்வது கான்சாஸ் மாநிலத்து மேன்ஹாட்டன். ஒரு யுனிவர்சிட்டி, சுற்றிலும் புல்வெளி, ஊருக்கு வடக்கே ஒரு ஏரி. பெயர் டட்டில் கிரீக். படகு, தூண்டில், கூடாரம், இறைச்சி வாட்டும் புகை என்று பார்க்க ரம்மியமாகத்தான் இருக்கும். ஆதியிலிருந்தே அங்கே இருக்கிற ஏரி என்று நம்பிவிடுவீர்கள். இல்லை. பிக் புளூ நதிக்குக் குறுக்கே ராணுவப் பொறியாளர் படை கட்டி, 1962ல் முடித்த அணை அது.

1951 ஜூலை வெள்ளம் டொபீகாவையும் கான்சாஸ் சிட்டியையும் புரட்டிப் போட்டது. அதனால்தான் அவசரம். வெள்ளத்தைத் தடுப்பது முதல் வேலை. பொழுதுபோக்கும் கூடவே ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. வெள்ளத்தைப் பிடிக்கிற பாத்திரம் காலியாக இருக்கணும். படகு விடுகிறவருக்கு ஏரி நிறைந்து இருக்கணும், அதுவும் வருஷம் பூரா ஒரே மட்டத்தில். ஒரே ஏரி இரண்டு பேருக்கும் எப்படி உழைக்கும்? என்ஜினீயர்கள் சாமர்த்தியசாலிகள். அடியில் எப்போதும் தண்ணீர், சுமார் 12,500 ஏக்கர் பரப்புக்கு. அதற்கு மேலே வெள்ளத்துக்கென்று காலி இடம். அதுவும் நிரம்பினால் பரப்பு நான்கு மடங்குக்கு மேல் விரியும். காகிதத்தில் கணக்கு கச்சிதம். ஆனால் கரையோர முகாம்களும் படகுத்துறைகளும் அந்தக் காலி இடத்தை ஒட்டியே அமைந்தன. கீழே இருக்கிற நகரங்களைக் காப்பாற்றத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் இவை முழுகும். 2019ல் அப்படித்தான் ஆயிற்று. வருஷா வருஷம் அணையடிப் பூங்காவில் நடந்த நாட்டுப்புற இசைத் திருவிழாகூட வெள்ளத்துக்குப் பயந்து டொபீகாவுக்குப் போய்விட்டது.

1993 ஜூலையில் இன்னும் மோசம். காலி இடமும் நிரம்பி, கலிங்கின் கதவுகளை முதல் தடவையாகத் திறந்தார்கள். கீழே மேன்ஹாட்டனில் வீடுகளுக்குள் தண்ணீர். பாய்ந்த வேகத்தில் தரை பெயர்ந்து பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றே உருவாகிவிட்டது. இப்போது அங்கே போய்ப் புதைபடிவம் பார்க்கிறார்கள். அதுவும் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்ந்துவிட்டது!

அணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ மழைக்காலங்களில் அது கீழே உள்ளவர்களைக் காத்திருக்கிறது. ஆனால் யார் செலவில்?

பள்ளத்தாக்கில் சின்னச் சின்ன ஊர்கள். சுமார் 3,000 பேர் வீடும் வயலும் விட்டுப் போனார்கள். சும்மா போகவில்லை. பெண்கள் திரண்டு சண்டை போட்டார்கள். 1952ல், ஐசனோவர் அலை அடித்த தேர்தலில், வழிவழியாகக் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போட்ட அந்தத் தொகுதி, அணையை எதிர்த்த ஒரே காரணத்துக்காக ஹோவர்ட் மில்லர் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரை ஜெயிக்க வைத்தது. 1954ல் அவர் தோற்றார். அணை ஜெயித்தது.

அவர்கள் வெறுமனே 'எங்க நிலம் போகுதே' என்று அழவில்லை என்பதுதான் விஷயம். மழை விழுகிற இடத்திலேயே பிடியுங்கள், வயலில் மண் அரிக்காமல் பாருங்கள், சின்ன அணைகள் போதும் என்றார்கள். எல்மர் பீட்டர்சன் என்பவர் 1954ல் இதையே ஒரு புத்தகமாக எழுதினார். பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்கினார்கள். இன்றைக்கு, எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டிய அந்த அடிப்பகுதியில் ஏறக்குறைய பாதி வண்டல். கான்சாஸ், நெப்ராஸ்கா வயல்களிலிருந்து அடித்து வந்த மண். அதை எப்படி வெளியே தள்ளுவது என்று இப்போது மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

அர்விங் என்று ஓர் ஊர். ஏரி வரப்போகிறது என்று 1960 வாக்கில் காலி செய்தார்கள். வீடுகள் போயின, தபாலாபீஸ் மூடியாயிற்று. ஆனால் ஏரி அங்கே வந்து குடியேறவே இல்லை. வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய காலி இடத்தில் அந்த ஊரும் காலி. ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தபால் பெட்டி, உள்ளே ஒரு நோட்டு. வருகிறவர்கள், எங்க தாத்தா வீடு இந்தப் பக்கம்தான் இருந்தது என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போகலாம்.