வயலும் வரிசையும்: மட்டக்களப்பு மான்மியம் பற்றி ஒரு நோக்கு

உழவின் மிகைவிளைவே வகுப்பு வேறுபாட்டுக்கும் அரசுக்கும் அடிப்படை என்பது, 1936இல் கோர்டன் சைல்ட் விரித்துரைத்த கொள்கை. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இதற்கு மறுதலையாகப் பேசுகிறது. குடிமுறையும் கோயிலுரிமையும் மாகோன் முதலிய மன்னர் வகுத்தவை என்பதே அதன் கூற்று. அங்குச் சமுதாயத்தின் தோற்றுவாய் அரசாணை, வயலன்று.

மண்டூரை நோக்குவார்க்கு இரு விளக்கங்களும் தனித்து நிறைவு தாரா. நிலமுடைய போடியார், வேலையாட்களை நடத்திய முல்லைக்காரன், வயலொழுங்கு காத்த வட்டை விதானை என்னும் படுவான்கரை அடுக்கு நெல்லைச் சார்ந்தே எழுந்தது. எனினும், களத்திற் குவிந்த நெல் தானே மேன்மையாகிவிடாது. சுமேரியக் கோயில்கள் தானியத்தைத் திரட்டி ஆட்சி வளர்த்தன. மண்டூர் முருகன் கோயிலோ குடிகளின் உரிமையையும் முதன்மையையும் ஊரறியக் காட்டிற்று. நெல் உண்டழியும், வரிசை தலைமுறைதோறும் நிற்கும்.

ஆதலின் மான்மியத்தைக் கட்டுக்கதையென ஒதுக்குதல் தகாது. உரிமைக்குச் சான்று தேடிய ஏடு அது. வயலிற் பிறந்த ஏற்றத்தாழ்வுக்கு அது மன்னர் பெயரால் நியாயம் கூறுகிறது. இதனை உணராது அதனை வரலாறெனக் கொள்வோர், உரிமை பெற்றோரின் குரலையே உழுதோரின் குரலாகவும் கொண்டுவிடுவர்.